அசையாத படத்திலிருந்து அசையும் படத்துக்கு: ஒரு வயல்வீட்டுப் பிள்ளையின் பயணம்

1968ஆம் ஆண்டு. மேற்கு ஆபிரிக்காவின் பியாவ்ரா. நைஜீரியாவிலிருந்து பிரிந்து தன்னைத் தனிநாடென முந்திய ஆண்டில் அறிவித்துக்கொண்ட அந்த நிலப்பரப்பு முற்றுகைக்குள்ளாகி, உணவும் மருந்தும் உட்புகாத நிலையில், குழந்தைகள் நாளாந்தம் பட்டினியால் மடிந்துகொண்டிருந்த காலம். அங்கே எடுக்கப்பட்ட ஒளிப்படம் ஒன்று இன்றளவும் பேசப்படுகின்றது. எலும்பும் தோலுமாய்க் கிடக்கின்றது ஒரு குழந்தை. அதற்கு மிக அண்மையில் ஐரோப்பியர் ஒருவர் திரைப்படக் கமராவைக் கண்ணோடு பொருத்தியவாறு அதனைப் படமாக்கிக்கொண்டிருக்கின்றார். படத்தை எடுத்தவர் ஜில் கரோன். படத்திலே காணப்படுபவர் அவருடைய நண்பரும் தொழிற்கூட்டாளியுமான ரேமோன் தெபார்தோன்.

அப்படத்தைப் பார்க்கும் எவருக்கும் முதலில் எழுவது சினமே. கருவியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பிள்ளையைத் தூக்கக் கூடாதா என்று மனம் கேட்கின்றது. நாமும் அவ்வாறே கேட்டோம். சற்றுப் பொறுத்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று புலப்பட்டது. இதனை எடுத்த கரோனும் தம் கருவியைக் கீழே வைக்கவில்லை. அவர் நண்பரைக் காட்டிக்கொடுத்தாரா, அல்லது தம் தொழிலையே எமது முன்னிலையில் நிறுத்தி நியாயம் கேட்டாரா என்பதைப் படம் சொல்வதில்லை. ஒளிப்படம் பேசாது. அதன் வலிமையும் அதுவே, குறையும் அதுவே.

இந்தக் குறையை வாழ்நாள் முழுவதும் மனத்திற் சுமந்து, பத்திரிகை ஒளிப்படக்காரராகத் தொடங்கி விவரணப்பட நெறியாளராக ஆகிய தெபார்தோனின் வரலாற்றையே இவ்வாரம் எடுத்துக்கொண்டோம். ஒரு பிரெஞ்சுக்காரரின் கதை எமக்கெதற்கு என வாசகர் சிலர் வினவக்கூடும். நாம் தஞ்சமடைந்து வாழும் இந்நாட்டின் பொலிஸ் நிலையத்தையும், அவசரசிகிச்சைப் பிரிவையும், நீதிமன்றத்தையும் உள்ளே நின்று காட்டியவர் அவர். அந்தக் கதவுகளுக்கு வெளியே வரிசையில் நின்ற அனுபவம் எம்மவரிற் பலருக்கு உண்டு. உள்ளே ஒருவர் எவ்வாறு பேசப்படுகின்றார், எவ்வாறு கேட்கப்படுகின்றார் என்பதை அறிய விரும்புவோருக்கு இவருடைய படங்களைவிட நல்ல சாளரம் வேறில்லை என்பது எமது எண்ணம்.

தெபார்தோன் 1942ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள், லியோன் நகருக்கு வடக்கே வில்பிரான்ஷ் சூர் சோன் என்னும் ஊரிற் பிறந்தவர். பெற்றோர் கமக்காரர். ஊரின் ஓரத்திலே காரே என்ற பெயருடைய பண்ணையே அவர்களது வீடும் தொழிலும். பன்னிரண்டு வயதளவில் தமையனின் கமரா கைக்குக் கிடைத்தது. பண்ணை முற்றமும் கோழியும் மாடும் நாயுமே முதற் படங்கள். ஆரம்பப் பாடசாலைச் சான்றிதழோடு படிப்பு முடிந்தது. ஊரில் மூக்குக்கண்ணாடியும் ஒளிப்படமும் ஒருங்கே விற்ற கடையொன்றிற் பயிலுநராகச் சேர்ந்தார். நீண்டகாலம் வகுப்பறையில் நின்ற எமக்கு இத்தகவல் சற்றுச் சங்கடமானதே. பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளையைக் கடையின் இருட்டறை வளர்த்திருக்கின்றது.

1958இல், பதினாறு வயதில், பாரிஸ் நகருக்கு வந்து ஓர் ஒளிப்படக்காரருக்கு உதவியாளரானார். பின்னர் தல்மாஸ் என்ற படச்செய்தி நிறுவனத்திற் சேர்ந்தார். அக்காலப் படச்செய்தித் தொழிலின் பெரும்பகுதி, நடிகையர் வீட்டு வாயில்களிற் காத்துக்கிடப்பதும், அரசியலாளர் வாகனங்களின் பின்னே ஓடுவதுமே. அதனையும் அவர் செய்தார், வெட்கமின்றிச் செய்தார். 1960இல் சகாராப் பாலைவனத்துக்கு ஆய்வுக்குழு ஒன்றுடன் சென்றபோது, வழிதவறித் தாகத்தால் மாண்டும் மாளும் தறுவாயிலும் கிடந்த பிரெஞ்சு இளம் படையினரை அக்குழு கண்டுபிடித்தது. அங்கே எடுத்த படங்கள் பெரும் வார இதழில் வெளியாயின. பதினெட்டு வயதில் அவர் பெயர் அறியப்பட்டுவிட்டது. ஆயினும் அப்பெயரைத் தேடித் தந்தது பிறருடைய மரணம் என்பதை அவர் மறக்கவில்லை என்றே பிற்காலப் படங்களைப் பார்க்கும்போது தோன்றுகின்றது.

1966இல் தெபார்தோன் உள்ளிட்ட சிலர் சேர்ந்து காமா என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். இதன் முக்கியத்துவத்தை ஓரிரு வரிகளிற் சொல்லியாக வேண்டும். அதுவரை படச்செய்தி நிறுவனங்கள் ஒளிப்படக்காரரைச் சம்பளக்காரராக நடத்தின. படத்தின் கீழே நிறுவனத்தின் பெயரே இருக்கும், படம் எடுத்தவரின் பெயர் இராது. மூலப்படச்சுருளும் நிறுவனத்துக்கே சொந்தம். காமா அதனை மாற்றியது. பயணச் செலவிற் பாதி நிறுவனத்துடையது, பாதி ஒளிப்படக்காரருடையது. வருவாயும் அவ்வாறே பாதிக்குப் பாதி. படத்தின் கீழே எடுத்தவரின் பெயர். உழுதவனுக்கு விளைச்சலிற் பங்கு என்ற கமக்கார நியாயந்தான் இது. சில ஆண்டுகளுக்குள் பாரிஸ் நகரம் உலகப் படச்செய்தித் தொழிலின் தலைநகராயிற்று.

அந்நிறுவனத்தின் ஒளிமிக்க பெயர் ஜில் கரோன். 1967இன் ஆறுநாட் போர், வியட்நாம், பியாவ்ரா, 1968 மே மாதப் பாரிஸ் வீதிகள், வட அயர்லாந்து என்று மூன்றே ஆண்டுகளில் ஒருவர் இத்தனையும் கண்டிருக்க முடியுமா என வியக்கும்படி அவர் ஓடினார். பொலிஸ்காரர் ஒருவரின் முகத்துக்கு நேரே குறும்பாகச் சிரிக்கும் மாணவர் தலைவர் கோன் பெண்டிற்றின் படம் அவருடையதே. 1970இன் தொடக்கத்தில் கரோனும் தெபார்தோனும் வேறிருவரும் சாட் நாட்டின் வடக்கேயுள்ள திபெஸ்தி மலைப்பகுதியிற் கிளர்ச்சியாளரைத் தேடிச் சென்று, அரசபடையிடம் அகப்பட்டு ஒரு மாதமளவில் சிறைப்பட்டிருந்தனர். விடுதலையாகி வந்த கரோன் ஓய்ந்திருக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் மாதம் கம்போடியாவிலே, கெமர் ரூஜ் கட்டுப்பாட்டிலிருந்த வீதியொன்றில் அவர் காணாமற்போனார். வயது முப்பது. உடல் கிடைக்கவில்லை. காணாமற்போதல் என்ற சொல் ஒரு வீட்டுக்குள்ளே என்ன செய்யும் என்பதை எமது வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

தெபார்தோனின் முதற் குறும்படம் இதற்கு முந்திய ஆண்டிலே வெளிவந்துவிட்டது. 1968 ஓகஸ்ட் மாதம் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோசிலோவாக்கியாவினுட் புகுந்தன. அதனை எதிர்த்து யான் பலாக் என்ற மாணவர் 1969 யனவரி 16ஆம் நாள் பிராக் நகரத்தின் நடுவே தமக்குத் தாமே தீமூட்டிக்கொண்டார். மூன்று நாட்களின் பின் இறந்தார். அந்த நாட்களிலே தெபார்தோன் பிராக் நகருக்குச் சென்றார், ஆனால் எடுத்தது ஒளிப்படத் தொகுப்பல்ல. நகரம் முழுவதும் மௌன அஞ்சலியில் நின்ற வேளையைப் படச்சுருளிற் பதித்தார். பன்னிரண்டு நிமிடப் படம். மனிதர் நிற்கின்றனர். தொழில்கள் நிற்கின்றன. ஒன்றும் நிகழவில்லை. இதனை ஒளிப்படத்தில் எப்படிக் காட்டுவது? ஒளிப்படத்தில் எல்லோரும் எப்போதும் அசையாமலே நிற்கின்றனர். ஓடவேண்டிய நகரம் நின்றுபோயிற்று என்பதைக் காட்டுவதற்கு ஓடும் படம் தேவைப்பட்டது. அவர் கருவியை மாற்றியதன் காரணம் இப்பன்னிரண்டு நிமிடங்களில் உள்ளது என்பது எமது கருத்து.

இவ்விடத்திற் கருவிகளைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 1950கள் வரை ஒலியோடு கூடிய திரைப்படம் எடுப்பதற்குப் பாரவண்டியும் பலர் கொண்ட குழுவும் வேண்டியிருந்தன. விவரணப்படங்களிற் கேட்ட குரல் பெரும்பாலும் பின்னர் கலையகத்திற் சேர்க்கப்பட்ட அறிவிப்பாளரின் குரலே. காட்டப்பட்ட மனிதர் வாயசைப்பர், வேறொருவர் அவர்களுக்காகப் பேசுவார். தோளிற் சுமக்கத்தக்க 16 மில்லிமீற்றர் கமராவும், தோட்பையளவான ஒலிப்பதிவுக் கருவியும் வந்த பின்னரே இது மாறியது. அவ்வொலிப்பதிவுக் கருவிகளிற் புகழ்பெற்றது நாக்ரா. அதனை ஆக்கியவர் ஸ்ரெபான் குடெல்ஸ்கி என்னும் போலந்துக்காரர். 1939இல் நாசிப் படையெடுப்பின்போது சிறுவனாகக் குடும்பத்தோடு நாட்டை விட்டோடி, பல நாடுகளில் அலைந்து, சுவிற்சர்லாந்தில் தஞ்சமடைந்தவர். 1951இல் தம் முதற் கருவிக்கு அவர் தாய்மொழியிலேயே பெயரிட்டார். நாக்ரா என்றால் போலந்து மொழியில் 'பதிவுசெய்யும்' என்று பொருள். மனிதரைத் தத்தம் குரலிற் பேசவைத்த கருவி ஓர் அகதியின் கையிலிருந்து வந்ததை இந்தப் பத்திரிகையின் வாசகர்க்குச் சொல்லாமல் விட மனமில்லை.

இக்கருவிகளின் துணையோடு அமெரிக்காவிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. லைஃப் என்னும் படச்செய்தி இதழிற் பணியாற்றிய ரொபேட் ட்ரூ என்பவர், படக்கதை சொல்லும் முறையைத் திரைக்குக் கொண்டுவர முனைந்து, 1960இல் கென்னடியின் கட்சித் தேர்தற் போட்டியைத் தொடர்ந்து சென்று படமாக்கினார். அறிவிப்பாளர் குறைவு. பேட்டி இல்லை. வேட்பாளரின் முதுகின் பின்னே கமரா நடந்தது. அவ்வளவே.

அதே வகைப் படமொன்றைப் பிரான்சில் எடுக்கும் வாய்ப்பு 1974இல் தெபார்தோனுக்குக் கிட்டியது. சனாதிபதி வேட்பாளர் வலெரி ஜிஸ்கார் தெஸ்தாங் அதற்கு இணங்கினார். இணங்கியது மட்டுமன்றிச் செலவையும் அவரே ஏற்றார். தெபார்தோன் வேட்பாளரின் வாகனத்தினுள்ளும் ஆலோசனை அறையினுள்ளும் நின்று படமாக்கினார். மே 19ஆம் நாள் 50.81 வீத வாக்குகளோடு ஜிஸ்கார் வென்றார். படத்துக்கு முதலில் அந்த எண்ணையே பெயராக வைத்தனர். படத்தைப் பார்த்த புதிய சனாதிபதிக்கு அது பிடிக்கவில்லை. அதிலே ஊழல் எதுவும் இல்லை, இரகசியமும் இல்லை. தலைமுடியை வாரிக்கொள்ளும், தனியே சலிப்போடு அமர்ந்திருக்கும், உதவியாளரைப் பற்றிச் சினக்கும் ஒரு மனிதன் இருந்தான். அதுவே அதிகமாகிவிட்டது. பணம் கொடுத்தவர் அவராகையாற் படத்தின் உரிமையும் அவரிடமே இருந்தது. 28 ஆண்டுகள் அது பெட்டிக்குள் கிடந்தது. 2002இலேதான் பொதுமக்கள் அதனைத் திரையரங்கிற் கண்டனர். யாருடைய பணத்திற் படம் எடுக்கின்றோம் என்ற பாடத்தைத் தெபார்தோன் இவ்வாறு கற்றுக்கொண்டார். எமது சமூகத்தில் விழா மலர்களும் ஒளிநாடாக்களும் யார் செலவில் வெளிவருகின்றன என்பதை அறிந்தவர்கள் இவ்விடத்திற் புன்னகைக்கக்கூடும்.

அதே 1974ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், திபெஸ்தியின் பர்தாய் என்ற ஊரில், ஹிசேன் ஹப்ரேயின் கிளர்ச்சிப்படை ஐரோப்பியர் சிலரைக் கைப்பற்றியது. அவர்களுள் ஒருவர் பிரான்சுவாஸ் குளோஸ்த்ர் என்னும் தொல்லியலாளர். ஜேர்மன் மருத்துவர் ஒருவரும் அகப்பட்டார். அவருக்காக மேற்கு ஜேர்மன் அரசு விரைவிலே பணம் கொடுத்து மீட்டது. பிரெஞ்சு அரசோ இழுத்தடித்தது. பேச்சுவார்த்தைக்கு அனுப்பப்பட்ட பிரெஞ்சு இராணுவ அதிகாரி கலோப்பன் 1975இற் கிளர்ச்சியாளராற் கொல்லப்பட்டார். மனைவியை மீட்கத் தாமாகவே முயன்ற கணவர் பியேர் குளோஸ்த்ரும் அதே ஆண்டிற் பணயக்கைதியானார்.

தெபார்தோன் திபெஸ்தியை ஏற்கெனவே அறிந்தவர். மீண்டும் அங்கே சென்றார். மரி லோர் து தெக்கேர் என்ற பெண் ஒளிப்படக்காரரும் அக்காலத்தில் அப்பகுதியிலே பணியாற்றினார். 1975இல் தெபார்தோன் குளோஸ்த்ர் அம்மையாரைச் சந்தித்துக் கமரா முன்னே பேசவைத்தார். அவரது ஒளிப்படங்கள் முன்னரே வெளிவந்திருக்கலாம், ஒரு நாள் பரபரப்போடு மறக்கப்பட்டும் இருக்கலாம். இம்முறை பிரெஞ்சு மக்கள் இரவுணவு வேளையிலே ஒரு பெண் கண்ணீரோடு தன் தாய்மொழியிற் பேசுவதைக் கேட்டனர். தம்மை எல்லோரும் கைவிட்டுவிட்டனர் என்று அவர் சொன்னார். செப்ரெம்பர் மாதத்தில் அக்காட்சி தொலைக்காட்சியிற் போனதும் நாடு கொந்தளித்தது. அதன் பின்னரே அரசு பணயப் பேச்சுக்களில் உண்மையான அவசரம் காட்டிற்று. ஆயினும் 33 மாதச் சிறையின் பின், 1977 யனவரி இறுதியிலேயே, லிபியாவின் தலையீட்டால் அவர் விடுதலையானார்.

இச்சம்பவத்தை இரு பக்கமாகவும் பார்க்கவேண்டும். ஒரு குரல் ஒரு நாட்டை அசைத்தது உண்மை. ஆனால் அந்தக் குரல் பிரெஞ்சு மொழியிற் பேசியது என்பதும் உண்மை. அதே மலையில் பல ஆண்டுகளாக அரசபடைகளாலும் அவற்றுக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையினராலும் வேட்டையாடப்பட்ட தூபு மக்களும் இருந்தனர். தெபார்தோன் அவர்களையும் படமாக்கினார். அவர்களுக்காக எவரும் இரவுணவை நிறுத்தி அழவில்லை. கிளர்ச்சியாளரும் கமராவின் வலிமையை நன்கறிந்தே அனுமதித்தனர். அவர்களுக்கு அது ஓர் ஆயுதம். அக்கிளர்ச்சித் தலைவர் ஹப்ரே 1982இல் நாட்டின் அதிபரானார். எட்டாண்டுகள் ஆண்டார். 2016இலே தாக்கார் நகரிற் கூடிய சிறப்பு நீதிமன்றம் மானுடத்துக்கெதிரான குற்றங்களுக்காக அவருக்கு ஆயுட்சிறை விதித்தது. 2021இற் காலமானார். தெபார்தோனை அந்த நிகழ்வு விடவில்லை. 1990இல் அதனைத் தழுவி ஒரு கதைப்படமும் எடுத்தார். பாலைவனம், நடக்கும் ஒட்டகங்கள், காத்திருக்கும் ஒரு பெண். பேச்சு மிகக் குறைவு. பொழுதுபோக்கை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர் என எச்சரிக்கின்றோம்.

1970களின் இறுதியில் அவர் காமாவை விட்டு மக்னம் என்னும் ஒளிப்படக்காரர் கூட்டுறவிற் சேர்ந்தார். ஒளிப்படத்தை அவர் ஒருபோதும் கைவிடவில்லை. 2012இற் பதவியேற்ற சனாதிபதி ஒல்லாந்தின் உத்தியோகபூர்வப் படம்கூட இவர் எடுத்ததே, நகரசபைகளிலே மாட்டியிருந்ததை வாசகர் பலர் பார்த்திருப்பர். 1980 ஒக்ரோபர் மாதம் முழுவதும் தம் பழைய கூட்டாளிகளான படச்செய்தியாளரின் பின்னே திரைப்படக் கமராவோடு அலைந்து, வாயில்களிற் காத்துக்கிடக்கும் அத்தொழிலையே ஒரு படமாக ஆக்கினார். பியாவ்ராவில் கரோன் தமக்குச் செய்ததை இவர் முழுத் தொழிலுக்கும் செய்தார் எனலாம்.

இனி எமக்கு நெருங்கிய பகுதிக்கு வருவோம். பாரிஸ் நகரின் நடுவே, சேன் நதியால் சூழப்பட்ட சிறிய தீவொன்று உள்ளது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது நோத்ர்தாம் தேவாலயம். எம்மவருக்கு அது பிரெபெக்சர். அதன் எதிரே ஒத்தேல் தியூ வைத்தியசாலை, அருகே பழைய நீதிமாளிகை. வதிவிட அட்டைக்காக விடியற்காலையில் அங்கே நின்றவர்களுக்கு அக்கட்டடங்களின் சுவர்கள் மனப்பாடம். தெபார்தோனின் முக்கியமான படங்கள் சில அச்சுவர்களுக்குள்ளேயே எடுக்கப்பட்டவை.

முதலில், தீவுக்குத் தெற்கேயுள்ள ஐந்தாம் வட்டாரத்துப் பொலிஸ்காரரோடு சில காலம் திரிந்து ஒரு படம் எடுத்தார், 1983இல் வெளிவந்தது. 1988இல் ஒத்தேல் தியூவின் மனநல அவசரப் பிரிவு. இதிலிருந்து ஒலிப்பதிவுப் பொறுப்பு குளோதின் நூகாரேயுடையது. அவர் தெபார்தோனின் மனைவியும் பின்னர் தயாரிப்பாளரும் ஆவார். 1994இல் நீதிமாளிகை. கையுங்களவுமாகப் பிடிபட்டவர்கள் நீதிபதி முன் செல்வதற்கு முன்னர் அரசவழக்குத் தொடுநரைச் சந்திக்கும் சிறிய அறை. பிரான்சில் 1954ஆம் ஆண்டின் சட்டமொன்று நீதிமன்ற அமர்வுகளைப் படம்பிடிப்பதைத் தடைசெய்கின்றது. ஆகவே நீண்ட காத்திருப்பின் பின்னரே அவருக்கு நீதிமாளிகையின் கதவு திறந்தது. படம்பிடிக்கப்பட்டோரின் சம்மதமும் தேவைப்பட்டது. 86 பேரைப் படமாக்கி, 14 பேரையே படத்தில் வைத்தார்.

அவர் கமராவை எங்கே வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. மேசையின் ஒருபுறம் அரசுத்தரப்பு, மறுபுறம் பிடிபட்டவர். கமரா இருவருக்கும் நடுவே, பக்கவாட்டில், முக்காலியில் அசையாமல் நிற்கின்றது. எவர் முகத்தையும் நெருங்கிச் சென்று கண்ணீரைத் தேடுவதில்லை. பின்னணி இசையில்லை. விளக்கும் குரலில்லை. 16 மில்லிமீற்றர் சுருள் ஒன்று ஏறக்குறையப் பதினொரு நிமிடம் ஓடும். அதற்குள் ஒரு மனிதர் தம் தலைவிதியைச் சொல்லி முடிக்கவேண்டும். அதிகாரிக்கு எல்லாச் சொற்களும் தெரியும். எதிரே இருப்பவருக்கு எந்தச் சொல் தம்மைச் சிறைக்கு அனுப்பும் என்று தெரியாது. அவ்வளவையும் இரண்டு நாற்காலிகள் காட்டிவிடுகின்றன. 2004இல் வெளிவந்த அடுத்த நீதிமன்றப் படத்தில் பன்னிரண்டு வழக்குகள் உள்ளன. மதுபோதையில் வாகனமோட்டியவர், சிறு திருடர், சண்டைக்காரர். அவர்களுள் வதிவிடப் பத்திரமில்லாத வெளிநாட்டவர் ஒருவரும் நிற்கின்றார். பெண் நீதிபதி பண்பானவர், கூர்மையான நாக்குடையவர். அவர் நகைச்சுவையாகப் பேசும்போது திரையரங்கிற் சிலர் சிரிப்பர். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

இவ்விடத்தில் எமது தவறு ஒன்றைச் சொல்லவேண்டியுள்ளது. இந்நாட்டுக்கு வந்த முதற் சில ஆண்டுகளில், மொழி தெரிந்தவர் என்ற காரணத்தால், எம்மவர் பலருக்குத் துணையாக அலுவலகங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் சென்றுவந்தோம். ஒருமுறை வயதான தாயார் ஒருவர் மருத்துவர் முன்னே நெடுநேரம் பேசினார். பதுங்குகுழி, நனைந்த நெல்மூடை, மகனின் சைக்கிள், அது எந்த மதிலோடு சாத்தியிருந்தது என்பது வரை சொன்னார். மருத்துவர் எம்மைப் பார்த்தார். நாம் ஒரே வசனத்தில், "இவருக்கு நித்திரை வருவதில்லை" என்று மொழிபெயர்த்தோம். மருத்துவர் அதனை எழுதி, குளிசை கொடுத்தார். அம்மா எமக்கு நன்றி சொன்னார். தெபார்தோனின் வைத்தியசாலைப் படத்தைப் பார்த்த இரவு அந்த மதில் நினைவுக்கு வந்தது. அங்கே ஒவ்வொருவரும் பேசி முடிக்கும் வரை சுருள் ஓடுகின்றது. தேவையற்றது என்று நாம் வெட்டிய அத்தனையும் அவர் படத்தில் இருக்கின்றது.

2017இல் அவர் லியோன் நகரின் வினாத்தியே மனநல வைத்தியசாலையில் இதேவகைப் படமொன்றை எடுத்தார். தம் விருப்பமின்றி அனுமதிக்கப்பட்ட நோயாளரைப் பன்னிரண்டு நாட்களுக்குள் ஒரு நீதிபதி நேரிற் கண்டு பேசவேண்டும் என 2013இல் வந்த சட்டம் விதித்தது. அச்சந்திப்புக்களே படம். பன்னிரண்டு நாட்கள் என்பதே தலைப்பு. மனநோயைக் குடும்ப மானத்தோடு பிணைத்து மறைக்கும் எமது வழக்கத்தை அறிந்தவர்கள் இதனைப் பெற்றோரோடும் பிள்ளைகளோடும் ஒன்றாக இருந்து பார்க்கவேண்டும் என்று விரும்புகின்றோம்.

உலகம் முழுவதும் சுற்றிய இவரிடம் ஒரு குறை இருந்தது. அதனை அவரே எழுத்திலும் பேச்சிலும் பலமுறை ஒப்புக்கொண்டுள்ளார். அல்ஜீரியாவையும் வியட்நாமையும் சாட்டையும் படமெடுத்தவர், தந்தையார் வயலில் நின்ற காலத்தில் அவரை வேண்டியளவு படமெடுக்கவில்லை. ஊரை விட்டு வந்த இளைஞனுக்குப் பண்ணை என்பது வெட்கம் தரும் பழைய விடயமாகவே இருந்தது. இதற்கிடையிற் பாரிஸையும் தெற்கையும் இணைக்கும் நெடுஞ்சாலை வந்தது, காரே பண்ணையின் நிலத்தில் ஒரு பகுதி அதற்குப் போயிற்று. சுற்றிலும் கடைத்தொகுதிகள் எழுந்தன. 1984இல் பிரெஞ்சு நிலத்தோற்றத்தைப் பதிவுசெய்ய அரசு நிறுவனம் ஒன்று ஒளிப்படக்காரர் பலரை அமர்த்தியது. தெபார்தோன் எந்த இடத்தையும் தெரிந்தெடுத்திருக்கலாம். அவர் முக்காலியும் பெரிய கமராவுமாகக் காரே பண்ணைக்குப் போனார். வண்ணப்படங்கள். ஆளில்லாத அறைகள், முற்றம், வீட்டுப் பொருட்கள். தந்தையார் அப்போது உயிரோடு இல்லை.

2001, 2005, 2008 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று விவரணப்படங்கள் மலைநாட்டு முதிய கமக்காரரைப் பற்றியவை. ஒரு குறுகிய வீதியினூடாகக் கமரா மெல்லச் சென்று ஒரு வீட்டு வாயிலை அடைகின்றது. குசினியில் மேசைமேற் கோப்பி. முதியவர் பேசுவதில்லை. தெபார்தோன் கேட்கின்றார், அவர் ஆமென்கிறார், பின்னர் மௌனம். கடிகாரம் கேட்கின்றது. அந்த மௌனத்தை அவர் வெட்டுவதில்லை. தம் தந்தையிடம் கேட்கத் தவறியதை ஊரார் வீட்டுத் தந்தையரிடம் கேட்கின்றார் என்றே எமக்குப் பட்டது. மூன்றாவது படத்துக்கு 2008ஆம் ஆண்டின் லூயி தெலுக் பரிசு கிடைத்தது.

1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு மழைக்குள் நடந்தபோது எமது வீட்டு அலுமாரியில் இரண்டு அல்பங்கள் இருந்தன. சான்றிதழ்களை எடுத்தோம், உறுதிகளை எடுத்தோம், அல்பங்கள் பாரமென்று விட்டுவிட்டோம். சில நாட்களில் திரும்பலாம் என்றே எல்லோரும் எண்ணினர். எமது தந்தையாரின் படமாக இன்று பாரிஸ் வீட்டுச் சுவரிற் தொங்குவது, அவரது தேசிய அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த ஒன்று. பெருப்பித்ததில் முகம் சற்று மங்கிவிட்டது. சேட்டின் மேற்பொத்தான் போடப்பட்டிருக்கின்றது. பிள்ளைகள், தாத்தா எப்படிப் பேசுவார் என்று கேட்கின்றனர்.